பெரிய களமும் சிறிய கல்லூரியும்

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவி)

"பல்கலைக்கழகப் போட்டிக்குப் போய் நாம் என்ன கண்டுவிடப் போகிறோம்? பெரிய கல்லூரிகள் ஓடுகிற இடத்தில் நமக்கென்ன வேலை?" என்ற கேள்வி மூன்றாண்டுகளாக என் செவியில் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் யாரும் பகைவர்கள் அல்லர். வகுப்புத் தோழியர் கேட்டிருக்கிறார்கள். வாயிலில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அண்ணன் கேட்டிருக்கிறார். என்பால் மிகுந்த அன்புடைய பேராசிரியர் ஒருவரும் கேட்டார். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு தமிழ்த்துறையில் சொன்னபோது, கவிதை எழுத வராத நான் இக்கேள்விக்கு விடை எழுதித் தருவதென்று முடிவு செய்தேன்.

நம் கல்லூரியைப் பற்றி நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசு கலைக் கல்லூரி. நம்மில் பாதிப்பேருடைய தந்தையர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். பாதிப்பேர் தாமே பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள். முற்பகல் சுழற்சி முடிந்தவர்கள் வெளியேறும்போதே பிற்பகல் சுழற்சிக்காரர்கள் உள்ளே நுழைந்துகொண்டிருப்பார்கள். மைதானம் என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அதற்கு ஏரி என்று பெயர்.

இப்படிப்பட்ட கல்லூரி உச்ச நிலைத் தடகளத்திற்கு ஏறுவதாவது என்று சிலர் நகைக்கலாம். முதலில் "ஏறுவது" என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்க நாட்டில் இதற்குத் தெளிவான படிகள் இருக்கின்றன. அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் ஏறத்தாழ 1,100 கல்லூரிகளை 1973 முதல் மூன்று பிரிவுகளாகப் பகுத்து வைத்திருக்கிறது. கீழ்ப்பிரிவுக் கல்லூரி மேற்பிரிவுக்குப் போக விரும்பினால் விண்ணப்பிக்க வேண்டும்; நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்; ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி ஏறினால் என்ன கிடைக்கும் என்று அங்கே ஓயாமல் வாதிடுகிறார்கள். 1984 நவம்பரில் பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி என்ற மாணவர் மயாமி அணிக்கெதிராக ஆட்டத்தின் இறுதி நொடியில் பந்தை நெடுந்தொலைவு எறிந்து வெற்றி தேடித் தந்தாராம். அதன்பின் அக்கல்லூரியில் சேர விண்ணப்பித்தோர் தொகை பெருகியது. "ஃப்ளூட்டி விளைவு" என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். விண்ணப்பங்கள் அதற்கு முன்பே பெருகிக்கொண்டுதான் இருந்தன, ஒரு பந்துக்கு இவ்வளவு புகழ் ஆகாது என்று மறுப்போரும் உண்டு. மேற்பிரிவுக்கு ஏறிய செலவைச் சமாளிக்க மாணவர்களிடமே கட்டணம் வசூலிக்கும் கல்லூரிகளும் அங்கே பல. அது அவர்கள் பாடு.

நம் நாட்டில் அத்தகைய பிரிவுகளே இல்லை என்பதை நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டி, இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் பெயரால் நடக்கிறது. 1837இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி நிற்கும் அதே கோட்டில், பல்கலைக்கழகத்தில் இணைந்த எந்தச் சிறு கல்லூரியும் நிற்கலாம். விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே தேர்வானவர் பல்கலைக்கழகத்தின் சட்டையணிந்து அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குப் போகிறார். அதற்கும் மேலே, 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இருக்கின்றன. அதற்கும் மேலே உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள். 2023இல் சீனாவின் செங்டுவில் நம் நாட்டு மாணவர்கள் 26 பதக்கங்கள் பெற்றார்கள். ஆக, ஆவடியிலிருந்து செங்டு வரை ஒரே ஏணிதான். அதன் கீழ்ப்படியில் கால் வைக்க யாரும் நம்மைத் தடுக்கவில்லை. நாம்தான் போகவில்லை. போகாமலிருப்பதற்கு நாமே வைத்துக்கொண்ட பெயர் "சிறிய கல்லூரி".

போகாதவர்களுக்கு நேரும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நம் பகுதியில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சாலையில் வந்து நின்று பாருங்கள். ஆவடியில் காவற்படைகளும் மத்திய ரிசர்வ் காவல் படையும் இருப்பதாலோ என்னவோ, ஊரில் பாதி இளைஞர்கள் காவலர் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடற்றகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிக் கடக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். அதைக் கடந்துவிட்டால் "நான் நல்ல ஓட்டக்காரன்" என்று நெஞ்சு நிமிர்ந்து விடுகிறது. தவறில்லை, அது வேலைக்கான தேர்வு. ஆனால் ஓட்டத்துக்கு அதுவா அளவு? 2019இல் ஜின்சன் ஜான்சன் பெர்லினில் 1,500 மீட்டரை 3 நிமிடம் 35.24 வினாடியில் ஓடினார். ஏழு நிமிடத்தில் அவர் ஏறத்தாழ இரண்டு முறை ஓடி முடித்திருப்பார். ஹிமா தாஸ் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரை 50.79 வினாடியில் கடந்தார். நம்மிடம் கேட்பது 150 வினாடி.

என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். பொருளைக் கடைந்து முடித்ததும் கண்ணால் பார்த்து "சரி" என்று சொல்ல மாட்டார். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கீழே வைப்பார். கல்லூரி விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டத்தில் முதற்பரிசாக எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கி வந்து நான் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை செகண்டும்மா?" என்பது. யாரும் நேரம் எடுக்கவில்லை என்றேன். "அளக்காம எப்படிம்மா நல்லா ஓடினேன்னு சொல்ற?" என்றார். மறுநாள் உடற்கல்வி இயக்குநர் ஐயா நிறுத்துக் கடிகாரத்தை வைத்து ஓடவிட்டுப் பார்த்தார். 69 வினாடி. அது நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. என்னைத் தோற்கடிக்க நம் கல்லூரியில் ஆள் இல்லை, அவ்வளவே தெரியும்.

அவ்வாண்டுதான் ஐயா எங்கள் நான்கு பேரைப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அழைத்துப் போனார். மூன்று பெண்கள், ஓர் ஆண். மின்சார ரயிலில் சென்ட்ரல் சென்று, மூர் மார்க்கெட் வளாகத்தைக் கடந்து பெரியமேடு நேரு விளையாட்டரங்கை நடந்தே அடைந்தோம். 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்த அரங்கம். செயற்கை இழைத் தடத்தை நான் காலால் தொட்டது அன்றுதான். வீட்டுப் பாயை மிதிப்பதைப்போல் கால் இலேசாகப் பதிந்து எழுந்தது. எங்களுக்கு ஆணிக் காலணி கிடையாது. சாலையில் ஓடும் சாதாரண காலணி. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் பதினைந்து பேர் ஒரே நிறச் சட்டையணிந்து, ஒருத்தி எண்ணிக்கை சொல்ல, எல்லோரும் சேர்ந்து உடலைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்ப் புட்டி.

400 மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். வளைவில் வெளித்தடம் நீளமாதலால், இரண்டாம் தடத்தில் ஓடுபவர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். அடுத்தடுத்த தடத்தினர் இன்னும் முன்னால். கண்ணால் பார்த்தபோதுதான் அச்சம் வந்தது. எனக்கு இரண்டாம் தடம். என் கண்ணெதிரே ஆறு முதுகுகள். துப்பாக்கி ஒலித்ததும் அந்த முதுகுகள் என்னைவிட்டு விலகிப் போயின; அவ்வளவுதான் ஓட்டம். முதலில் வந்தவள் 60 வினாடிக்குள் முடித்தாள். நான் கோட்டைத் தொடுவதற்குள் அவள் மூச்சு வாங்கி முடித்து இடுப்பில் கை வைத்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி.

என் நேரம் 66.8 வினாடி. முதற்பரிசு வாங்கிய ஓட்டத்தைவிட 2 வினாடிக்குமேல் குறைவு! கல்லூரியில் முதலாவதாக வந்தபோது ஓடியதைக் காட்டிலும், கடைசியாக வந்தபோது நான் நன்றாக ஓடியிருக்கிறேன். இதை வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவில்லை, "லாஸ்ட்டா வந்துட்டு ஏன்டீ சிரிக்கிற?" என்றார். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. சிறிய களத்தில் முதலாவதாக நிற்பவளுக்குத் தன் அளவு தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் நேராது. பெரிய களத்துக்குப் போனால் முதற்பயன் இந்த அளவுதான். கோப்பையெல்லாம் பிறகு, வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இது எனக்கு மட்டும் கிடைத்த பயனாக இருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இதனால் கல்லூரிக்கு என்ன வந்தது என்பதே பேச வேண்டியது.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் நம் மைதானம் இருந்த நிலையைப் பலர் மறந்திருக்கலாம். பல நாட்கள் தண்ணீர் வடியவில்லை. வடிந்த பிறகு சேறு. அப்போது பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில்தான் பயிற்சி செய்தோம். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள், "பார்த்தும்மா, இடிச்சிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வழி விடுவார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் தண்ணீர் தேங்கத்தான் செய்தது என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள். ஆனால் அப்போது அதனால் யாருக்கும் நட்டமில்லை. விளையாட்டு விழா பிப்ரவரியில்தானே! பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் மைதானம் வேண்டும் என்று ஆயிற்று. முதல்வர் ஐயா வந்து பார்த்தார்கள். மண் கொட்டி மேடாக்கி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 400 மீட்டர் தடம் போட இடம் போதாது. 200 மீட்டர் தடமாவது சரியான அளவில் வேண்டும் என்று ஐயா சொல்ல, கணிதத்துறை மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டார்கள். இரு பக்கமும் 40 மீட்டர் நேர்த்தடம், ஆக 80. மிச்சம் 120 மீட்டரை இரண்டு அரைவட்டங்களாக வளைக்க வேண்டும். ஆரம் 19.10 மீட்டர் என்று கணக்கு வந்தது. ஆனால் ஓடுபவள் கோட்டின் மேலே ஓடுவதில்லை. வரப்பில்லாத தடத்தில் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும் என்பது விதி. எனவே சுண்ணாம்புக் கோடு 18.90 மீட்டரில் விழ வேண்டும். என் தந்தையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து எஃகு நாடாவை எடுத்து வந்தார். நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி, கணிதத்துறைத் தம்பி ஒருவன் ஆரம் பிடிக்க, பொருளியல் மாணவி ஒருத்தி சுண்ணாம்பு தூவ, ஒரு பகல் முழுதும் வேலை நடந்தது. விளையாட்டில் ஈடுபாடே இல்லாத பலர் அன்று மைதானத்தில் இருந்தார்கள். வட்டத்தின் சுற்றளவை ஒரு கல்லூரியே சேர்ந்து மண்ணில் எழுதியதை அன்றுதான் கண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலரில் எழுதலாமா என்று தயங்கி, எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். பெண்கள் உடைமாற்ற நம் மைதானத்தருகே அறை இருந்ததில்லை. வீட்டிலேயே அணிந்து, மேலே சுடிதார் போட்டுக்கொண்டு பேருந்தில் வருவோம். கால்சட்டையில் ஓடினால் மதிற்சுவரில் உட்கார்ந்து கூச்சலிடுவோர் இருந்தார்கள். கல்லூரியின் பெயரால் வெளியே போய் ஓடும் பெண்கள் என்றானபின், பழைய பொருள்கள் அடைத்து வைத்திருந்த அறையொன்றைக் காலி செய்து, தாழ்ப்பாள் போட்டு எங்களுக்குக் கொடுத்தார்கள். கூச்சலும் அடங்கிற்று. "எங்க காலேஜ் ரன்னர்" என்று அந்த மதிற்சுவர்க்காரர்களே சொல்லக் கேட்டேன். இந்த அறையை இப்போது ஓடாத பெண்களும் பயன்படுத்துகிறார்கள். கல்லூரி ஒருவரை வெளியே அனுப்பிவிட்டால் அவருக்குக் கடன்பட்டதாகிவிடுகிறது. அக்கடனை அடைக்கும்போது மற்றவர்க்கும் சேர்த்தே அடைபடுகிறது.

பெயர் கிடைக்கும் என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆவடியைத் தாண்டினால் "இந்துக் கல்லூரி" என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. பட்டாபிராம் இந்துக் கல்லூரியின் பெயரை ரயிலில் போகும் ஆயிரம் பேர் தினமும் படிக்கிறார்கள். நம் கல்லூரி வாசலில் நிறுத்தச் சொன்னால் நடத்துநர், "எந்தக் காலேஜ்?" என்கிறார். பல்கலைக்கழகப் போட்டியில் நம் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது மயிர்க்கூச்செறிந்தது மெய். ஆனால் அதைச் சொன்னவர் பிழையாகச் சொன்னார். இரண்டாம் ஆண்டில் சரியாகச் சொன்னார். அந்த அளவுக்குப் பெயர் கிடைத்தது.

பெயரைக் காட்டிலும் பெரிது காகிதம். நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி இது; ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறேன். மைய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில் சான்றிதழுக்குத் தனித்தனிப் படிவங்கள் உள்ளன. முதற்படிவம் நாட்டுக்காக விளையாடியவர்க்கு. இரண்டாவது மாநிலத்துக்காக விளையாடியவர்க்கு. மூன்றாவது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக விளையாடியவர்க்கு. நான்காவது தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடியவர்க்கு. கல்லூரி விளையாட்டு விழாவில் நாம் வாங்கும் சான்றிதழுக்கு இதில் எங்கும் இடமில்லை. வீட்டுச் சுவரில் மாட்டலாம். பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று, அகில இந்தியப் போட்டியில் கலந்துகொண்டாலே மூன்றாம் படிவத்துக்கு உரியவராகிறோம். தமிழ்நாடு அரசும் வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் தெற்கு ரயில்வேயும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை தருவது நம் பகுதியில் எல்லோரும் அறிந்ததே. மாநில அரசின் முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்க்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. 2023இல் அதில் தனிநபர் போட்டியில் முதலிடம் பெற்றவருக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நம் வீடுகளில் 1 லட்சம் என்பது என்னவென்று நமக்குத் தெரியும்.

பூந்தமல்லியிலிருந்து வரும் என் தோழியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டாள். காலையில் கல்லூரி, மாலையில் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை நிறுவனத்தில் நூல் பிசிறு வெட்டும் வேலை. இரண்டாமாண்டு தொடக்கத்தில், படித்தது போதும், முழுநேர வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் சொன்ன மறுமொழி படிப்பைப் பற்றியதன்று. "நவம்பர்ல கிராஸ் கன்ட்ரி இருக்குமா, அதை ஓடிட்டுப் போறேன்" என்றாள். அதற்காகவே இன்னும் சில மாதம் கல்லூரியில் இருந்தாள். அவ்வோட்டத்தில் ஆறாவதாக வந்து பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றாள். வடநாடு சென்று, நம் பல்கலைக்கழகத்தின் சட்டையணிந்து ஓடினாள். அங்கே அவள் எண்பத்தெத்தனையாவதாகவோ வந்தாள் என்று நினைவு. அவளே அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டில் படிப்பை நிறுத்தும் பேச்சு நின்றுவிட்டது. இப்போது மூன்றாமாண்டு எழுதப் போகிறாள். விளையாடினால் படிப்புக் கெடும் என்போர், விளையாட்டினால் படிப்பு நின்ற கதைகளை மட்டுமே சொல்கிறார்கள்.

சிறிய கல்லூரியிலிருந்து எவ்வளவு தொலைவு போகலாம் என்று கேட்போருக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். கேரளத்தில் பாலக்காட்டில் மெர்சி கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது, 1964இல் தோன்றியது. அங்கே படிக்க வந்த எம்.டி. வல்சம்மா, 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அதற்கு முன் 1970இல் கமல்ஜீத் சந்து ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றிருந்தார். நம் மதுரையில் லேடி டோக் கல்லூரியில் படித்த ரேவதி வீரமணி, இளமையில் பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். காலணியின்றி ஓடத் தொடங்கியவர். பயிற்சியாளர் கண்ணன் அவரைக் கண்டுகொண்டார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் ரேவதியும், திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசனும், ஆரோக்கிய ராஜீவும் ஓடினார்கள். அணியின் நால்வரில் மூவர் தமிழர். இறுதிச் சுற்றுக்கு அவ்வணி தகுதி பெறவில்லை. எனக்கு அச்செய்தியைப் படித்தபோது வருத்தமே வரவில்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். செலவு என்பார்கள். மறுக்கவில்லை. ஆணிக் காலணி, முட்டை, வாழைப்பழம், ரயில் கட்டணம் எல்லாம் செலவுதான். மாலைப் பயிற்சிக்குப் பின் எங்களுக்குக் கிடைத்த சுண்டல், பேராசிரியப் பெருமக்கள் சிலர் தம் பையிலிருந்து கொடுத்தது. இதை அவர்கள் வெளியே சொல்ல விரும்ப மாட்டார்கள், நான் சொல்லிவிட்டேன். வருகைப்பதிவு என்பார்கள். 75 விழுக்காடு வேண்டும் என்ற விதியால் போட்டி நாட்களில் நாங்கள் அஞ்சிக்கொண்டே இருந்தோம். போட்டிக்குச் சென்ற நாளைப் பணிநாளாகக் கணக்கில் கொள்ளும் வழக்கம் எல்லாத் துறைகளிலும் ஒன்றுபோல் வந்தால் நலம்.

மூன்றாவது மறுப்பு இவற்றினும் கடியது. "நாம் வளர்த்துவிடுவோம்; பெரிய கல்லூரி கொண்டுபோய்விடும்." நடந்திருக்கிறது. என் தோழிக்கே, முதுகலைக்கு இலவச இடமும் விடுதியும் தருவதாகச் சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் போவாள், போகத்தான் வேண்டும். அதை இழப்பாக என்னால் எண்ண முடியவில்லை. அவளுடைய தங்கை இவ்வாண்டு நம் கல்லூரியில்தான் சேர்ந்தாள், அக்காள் ஓடிய கல்லூரி என்று சொல்லி. ஆனால் வேறொரு வழியை நாம் மேற்கொள்வதை நான் விரும்பமாட்டேன். வெளியூரிலிருந்து தேர்ந்த வீரர்களை ஆசை காட்டி அழைத்து வந்து, பெயருக்கு ஒரு வகுப்பில் சேர்த்து, கோப்பைகளை அடுக்கும் வழி அது. அந்தக் கோப்பைகளுக்காகக் கணிதத்துறைத் தம்பி கயிறு பிடிக்க மாட்டான்.

1992இல் தொடங்கிய எம்.ஓ.பி. வைணவக் கல்லூரிப் பெண்கள் பல்கலைக்கழகப் போட்டியில் முன்னணியில் நிற்பதை அரங்கில் பார்த்திருக்கிறேன். நூற்றாண்டு கண்ட கல்லூரிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். அவர்களுக்குள்ள வசதி நமக்கில்லை என்பது சரி. வயது ஒரு காரணமன்று என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டாமாண்டில் என் நேரம் 64.9. இவ்வாண்டு 63.2. இன்னமும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் கடைசியாகவும் வரவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுள் ஒருத்தி எங்களைப்போலவே ஓர் அரசுக் கல்லூரியிலிருந்து முதன்முறையாக வந்தவள். ஓட்டம் முடிந்ததும் அவளிடம் போய் "எத்தனை செகண்ட்?" என்று கேட்டேன். தெரியாது என்றாள். மேசைக்கு அழைத்துப்போய்ப் பார்த்துச் சொன்னேன்.

இவ்வாண்டு 4×400 மீட்டர் தொடரோட்டத்துக்கு நம் கல்லூரி முதன்முறையாகப் பெயர் கொடுத்தது. மூன்று பெண்கள்தாம் இருந்தோம். கடைசி வாரத்தில் வணிகவியல் முதலாமாண்டு மாணவி ஒருத்தி, கோகோ ஆடுபவள், நான்காவதாகச் சேர்ந்தாள். தடி மாற்றும் பயிற்சிக்கு விளக்குமாற்றுக் கட்டையை அறுத்து வைத்துக்கொண்டோம். அரங்கில் உண்மையான தடி கையில் வந்தபோது அது கனமற்றிருந்ததைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினாள். எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

ஏப்ரலில் நானும் தோழியும் தேர்வெழுதிவிட்டு வெளியேறுகிறோம். அணியில் இரண்டு இடம் காலியாகும். ஜூன் மாதம் முதல் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் காலை ஐந்தே முக்கால் மணிக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பயிற்சி நடக்கும். கல்லூரி மைதானத்தில் மற்ற நாட்களில் மாலை நான்கு மணிக்கு. விருப்பமுள்ள முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவியர் உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் பெயர் கொடுக்கலாம். காலணி இல்லாவிட்டால் பரவாயில்லை. என் ஆணிக் காலணியை ஆறாம் அளவு உடையவளுக்கென்று அந்த அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.